இருநூறு மீட்டர் வாட்சுக்குள் மழைத் தண்ணீர்

வேலைக்கு வந்தது: சுவிஸ் தயாரிப்பு, 42 மி.மீ. ஸ்டீல் கேஸ், பின்மூடியில் 200 மீட்டர் குறி, திருகி மூடும் கிரவுன் (சாவி கொடுக்கிற, முள் திருப்புகிற குமிழ்), சஃபயர் கண்ணாடி, உள்ளே ஈட்டா 2824-2 ஆட்டோமேட்டிக் மெஷின், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறுகிற வகை. வாங்கி எட்டு வருஷம். இதுவரை யாரும் திறந்ததில்லை. பின்மூடியின் வெட்டுகளில் சாவி பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. கட்டியிருந்தவருக்கு வீடு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம், வேலை பாண்டியில். தினமும் பைக். குறைகள் மூன்று: மழையில் நனைந்ததிலிருந்து கண்ணாடிக்குள் 4 மணிப் பக்கம் ஆவி படிகிறது, நாளுக்கு முக்கால் நிமிஷம் பின்தங்குகிறது, ராத்திரி கழற்றி வைத்தால் காலையில் நின்றிருக்கிறது. கூடவே, இந்த மாதிரி வாட்சோடு எப்போதும் வரும் கேள்வி: "இவ்ளோ காசு போட்டு வாங்கினதுண்ணே. எரநூறு மீட்டருன்னு வேற போட்டிருக்கான். மழைத் தண்ணிக்கே பூந்துடுச்சுன்னா, டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் இல்லை. கேஸ், கண்ணாடி, மெஷின் எல்லாம் அசல், நல்ல தரமும்கூட. கொடுத்த காசு அவற்றுக்கும், டயல் முள் வேலைப்பாட்டுக்கும், கம்பெனிப் பேருக்கும் போயிருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது இவற்றில் எதுவும் அல்ல, கேஸ்கெட் எனப்படும் மூன்று ரப்பர் வளையங்கள். மெஷினைத் தேயாமல் ஓட விடுவது மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு சொட்டுக்குக் குறைவான எண்ணெய். ரப்பர் தட்டையாவதும் எண்ணெய் காய்வதும் வாட்ச் விலையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

திறப்பதற்கு முன்

வாட்சின் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் வைத்தபோது (மணிக்கு 28,800 அடி, அதாவது துடிப்பு; கருவியில் வைக்கும் லிஃப்ட் கோணம் 50 டிகிரி) டயல் மேலே பார்க்க நாளுக்கு 22 விநாடி பின்னடைவு, ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் வீச்சு) 208 டிகிரி, பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள வித்தியாசம்) 0.7 மில்லி விநாடி. கிரவுன் கீழே பார்க்க நிறுத்தினால் 48 விநாடி பின்னடைவு, 171 டிகிரி. முழுச் சாவி கொடுத்த 2824 படுக்கை வாக்கில் 270-க்கு மேல் காட்ட வேண்டும். 200-க்குக் கீழே இறங்கினால் டைம் பிடிப்பது குருட்டாம்போக்கு. அந்த நிலையில் வேகம் திருத்தும் ரெகுலேட்டரைத் தள்ளி 'ஃபாஸ்ட்' வைத்துக் கொடுப்பது இரண்டு வாரம் தாங்கும், பிறகு திரும்பி வரும்.

காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சின்னத் திசைகாட்டி போதும். வாட்சை அருகே கொண்டுபோனபோது முள் அசையவில்லை. காந்தம் ஏறிய வாட்ச் பெரும்பாலும் பேலன்ஸை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு வேகமாகத்தான் ஓடும், அதிலும் நிமிஷக் கணக்கில். இதுவோ பின்தங்குகிறது.

அடுத்து கையால் சாவி கொடுத்துப் பார்த்தது. பின்மூடியைத் திறக்காமலே ரோட்டார் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) உள்ளே கரகரவென்று சுற்றுவது விரலுக்குத் தெரிந்தது. 2824 குடும்பத்தில் இது தெளிவான அடையாளம். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் ஏறும்படி செய்ய இரண்டு ரிவர்சர் சக்கரங்கள் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் சின்னப் பல்கொக்கிகள் அழுக்கிலும் காய்ந்த எண்ணெயிலும் ஒட்டிக்கொண்டால், கையால் கொடுக்கிற சாவி ரோட்டாரையும் சேர்த்து இழுக்கும். கை அசைவிலிருந்து ஸ்பிரிங் ஏறுவதும் பாதியாகிவிடும். ராத்திரி நிற்பதற்குக் காரணம் இங்கேயே பிடிபட்டது. முழுதாக ஏறிய 2824 ஏறக்குறைய 38 மணி நேரம் ஓடும். ராத்திரி கழற்றி வைத்தது விடிவதற்குள் நிற்கிறது என்றால், நாள் முழுக்க கையில் இருந்தும் ஏறவில்லை என்று அர்த்தம்.

கண்ணாடி ஆவிக்கு ஒரு எளிய சோதனை. தண்ணீர் தாங்கும் வாட்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 22810-இலும் இதுதான் இருக்கிறது: வாட்சை 40 முதல் 45 டிகிரி சூட்டுத் தட்டில் வைத்துச் சூடேற்றி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். சொட்டு இருந்த இடத்தின் உட்பக்கம் வெள்ளையாகப் பூத்தால் உள்ளே ஈரம். இதில் நன்றாகவே பூத்தது, விரல் நகம் அளவுக்கு, அழிய நேரமும் எடுத்தது.

ஆனால் ஆவி என்றாலே ஓட்டை என்று முடிவு கட்டக் கூடாது. 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றுக்குப் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் குளிர்) ஏறக்குறைய 26 டிகிரி. ஐப்பசி மழை நாளில் மின்விசிறி மட்டும் ஓடும் கடையில் செல் மாற்றி மூடிய வாட்ச், கேஸ்கெட் புத்தம் புதிதாக இருந்தாலும், 22 டிகிரி ஏ.சி. அறைக்குள் போனதும் கண்ணாடியில் மெல்லிய மூட்டம் போடலாம். வெளியிலிருந்து எதுவும் புகவில்லை. மூடும்போது உள்ளே வைத்துப் பூட்டிய காற்றுதான். அந்த மூட்டம் கண்ணாடி முழுக்க ஒரே சீராக வந்து சீக்கிரம் போய்விடும். கசிவினால் வரும் ஆவி ஓரிடத்தில் தடிப்பாக உட்காரும், பெரும்பாலும் கிரவுன் பக்கம். இங்கே 4 மணி எண்ணை ஒட்டி இருந்தது.

ஈரம் புகுந்த வாட்சை அரிசி டப்பாவில் புதைப்பது வீட்டுக்கு வீடு நடக்கிறது. மூடிய கேஸுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி இழுக்காது. கிரவுனை இழுத்துவிட்டுப் புதைத்தால் தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். வெயிலில் வைத்தால் தேங்கிய தண்ணீர் ஆவியாகி டயலிலும் ஹேர் ஸ்பிரிங்கிலும் பரவும். நல்ல தண்ணீர் என்றால் கிரவுனைத் திறந்து சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மறுநாளாவது திறக்கக் கொடுக்க வேண்டும். கடல் தண்ணீர் என்றால் மறுநாள்கூடத் தாமதம். உப்பு பட்ட ஸ்டீல் பாகங்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவக்கும்.

கேஸ்

ஈரம் இருக்கிறது என்று தெரிந்த வாட்சை மெஷினோடு தண்ணீர்ச் சோதனைக்குள் இறக்குவது அபத்தம். முதலில் மெஷினை வெளியே எடுத்துவிட வேண்டும். 2824-இல் கிரவுன் தண்டை விடுவிக்க ஒரு சின்னக் குழிப்புள்ளி உண்டு, அதை 0.8 மி.மீ. திருப்புளியால் லேசாக அழுத்தினாலே தண்டு வந்துவிடும். பலத்தோடு அழுத்தினால் செட்டிங் லீவர் இடம் மாறி, திரும்பத் தண்டு நுழையாது. டயலைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். செல் மாற்றுகிற அவசரத்தில் கெடுக்கப்படும் மெஷின்களில் இந்த வகை நிறைய.

பின்மூடியின் ஓரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, சாமணத்தால் தூக்கியதும் அது வளைந்து கொடுக்காமல் தட்டையாகவே நின்றது. புதிதாக இருந்தபோது குறுக்குத் தடிமன் 0.80 மி.மீ., வட்டமாக இருந்திருக்க வேண்டும். இப்போது மேலும் கீழும் தட்டையாகி 0.62. அது உட்காரும் பள்ளத்தின் ஆழம் 0.60. அதாவது 0.20 மி.மீ. அமுங்கி, அந்த அமுக்கத்தின் எதிர்விசையில் தண்ணீரைத் தடுக்க வேண்டிய ரப்பர், அதில் 0.18-ஐ நிரந்தரமாக இழந்துவிட்டது. மீதி இருப்பது 0.02. பிரஷர் குக்கர் கேஸ்கெட் தளர்ந்து பக்கவாட்டில் ஆவி போனால் யாரும் குக்கர் கம்பெனியைத் திட்டுவதில்லை, புதுசு வாங்கிப் போடுவார்கள். அதே நைட்ரைல் ரப்பர் இனம்தான் இதுவும். வாட்சுக்குள் ஒளிந்திருப்பதால் அதற்கு ஆயுசு உண்டு என்பது மறந்துபோகிறது.

200 மீட்டர் என்ற எண் புது வாட்சைப் பற்றியது. ஐ.எஸ்.ஓ. 22810-இன்படி சாதாரண வாட்சுகளை மாதிரிக்குச் சில எடுத்துச் சோதிக்கலாம். ஐ.எஸ்.ஓ. 6425-இன் டைவர்ஸ் வாட்ச் என்றால் ஒவ்வொன்றையும், குறித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூட்டிச் சோதிக்க வேண்டும். இரண்டுமே தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் நாளைத்தான் சொல்கின்றன, எட்டு வருஷம் கழித்து எப்படி என்று சொல்வதில்லை. இதற்கு நேர்மாறான ஒரு பயமும் உலவுகிறது: 50 மீட்டர் வாட்சோடு நீந்தினால் கை வீசுகிற வேகத்திலேயே அழுத்தம் தாறுமாறாக ஏறும் என்பார்கள். கணக்கு அப்படி இல்லை. தண்ணீரில் கை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனாலும் கூடும் அழுத்தம் 0.125 பார், அதாவது கூடுதலாக ஒன்றேகால் மீட்டர் ஆழம். புது கேஸ்கெட் போட்ட 50 மீட்டர் வாட்ச் அதைத் தாங்கும். பழைய கேஸ்கெட் போட்ட 200 மீட்டர் வாட்ச் குழாயடியிலேயே தோற்கும். சோப்புத் தண்ணீர் இன்னும் மோசம். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் வெறும் தண்ணீர் நுழையத் தயங்கும் இடுக்கிலும் நுழையும். வெந்நீர்க் குளியல் அதற்கும் மேல்.

ஆனால் இந்த வாட்சில் தண்ணீர் புகுந்த வழி பின்மூடி அல்ல. காலிக் கேஸைப் பிரஷர் பம்ப் குழாயில் தொங்கவிட்டு, தண்ணீருக்கு மேலே இருக்கும்படி 3 பார் ஏற்றி, இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, பிறகு தண்ணீரில் இறக்கி அழுத்தத்தை மெல்லக் குறைக்க வேண்டும். உள்ளே புகுந்த காற்று எந்த வழியாகப் புகுந்ததோ அந்த வழியாகவே குமிழியாக வெளிவரும். குமிழி தெரிந்த உடனே, அழுத்தம் பூஜ்யத்துக்கு வருவதற்குள், கேஸை மேலே தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் வெளியேறிய காற்றுக்குப் பதில் தண்ணீர் போகும். இதில் குமிழிகள் கிரவுன் அடியிலிருந்து சரமாக வந்தன. பின்மூடி ஓரத்தில் ஒன்றிரண்டு சோம்பேறிக் குமிழிகள் மட்டும்.

ஐ கிளாஸில் (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியில்) கிரவுன் திருகிப் பூட்டும் குழலைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். திருகு மரையின் முதல் இரண்டு சுற்று வழவழவென்று தேய்ந்திருந்தது. பள்ளத்தில் கறுப்பு அழுக்கும் வெள்ளை உப்புப் பொடியும் சேர்ந்து பசையாக இருந்தன, அரைக்கும் பசை மாதிரியேதான் அது வேலையும் செய்திருக்கிறது. கிரவுனுக்குள் இருக்கும் வளையம் உராய்ந்து ஒரு பக்கம் நூலாகியிருந்தது. மூடினாலும் கடைசி கால் சுற்று பிடிக்காமல் நின்றுவிடும்.

திருகு கிரவுன் தினமும் திறக்க வைத்தது அல்ல. ஆட்டோமேட்டிக் வாட்சில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தரம், தேதி மாற்ற, டைம் சரிசெய்யத் திறப்பார்கள். இங்கே ரிவர்சர் காய்ந்ததால் வாட்ச் தினமும் காலையில் நின்றிருக்கிறது. நின்றதால் தினமும் கிரவுனைத் திறந்து சாவி கொடுத்து, முள்ளை வைத்து, அவசரத்தில் மூடியிருக்கிறார்கள். உப்புக் காற்றடிக்கும் ஊரில் அந்த மரை எத்தனை நாள் தாங்கும்? எண்ணெய் காய்ந்ததுதான் கடைசியில் தண்ணீர் புகுந்த கதையாக முடிந்தது. மழை மீதும் கேஸ் மீதும் பழி போட்டுப் பயனில்லை.

பின்மூடி உட்காரும் விளிம்பில் 4 மணி, 5 மணிப் பக்கங்களில் இரண்டு புள்ளிக் குழிகள். 316எல் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நினைப்பவர்கள் இதை ஒருதரம் பார்க்க வேண்டும். திறந்த பரப்பில் அது தன்னைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் காற்றிலிருந்தே புதுப்பித்துக்கொள்ளும். கேஸ்கெட் ஓரத்து இடுக்கில் வியர்வையும் உப்பும் தேங்கி, ஆக்சிஜன் போகாமல் இருந்தால் படலம் அறுந்து, குளோரைடு குழி தோண்டும். குழிகள் கேஸ்கெட் பாதைக்கு வெளியே இருந்ததால் தப்பித்தது. விளிம்பை நேரான தட்டில் மிக மெல்லிய ஈரத் தாளால் தேய்த்துச் சமப்படுத்தியதோடு விட்டது. கேஸ்கெட் பாதையிலேயே குழி விழுந்திருந்தால் லேசர் வெல்டிங் வைத்துத் திரும்பக் கடைய வேண்டும். அந்த இடத்தில் சிலிகான் பசையை அப்பிக் கொடுப்பது அடுத்தவன் தலையில் கட்டுவதுதான்.

போட்ட பாகங்கள்: புதுக் குழல், உள்வளையத்தோடு புதுக் கிரவுன், பின்மூடிக்கு 0.80 தடிமன் நைட்ரைல் ஓரிங், கண்ணாடி வளையம். ஓரிங்கின் உள்விட்டம் பள்ளத்தின் உள்விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். சின்னதை இழுத்து மாட்டினால் தடிமன் குறையும். பெரியதை மடக்கி வைத்தால் மூடி திருகும்போது பிதுங்கி வெட்டுப்படும். 0.60 ஆழத்துக்கு 0.80 என்றால் 25 சதவீத அமுக்கம், அது போதும். 0.90 போட்டு 'இன்னும் டைட்டாக' மூடினால் ரப்பர் நசுங்கிச் சீக்கிரம் செத்துப்போகும். சிலிகான் கிரீஸ் பஞ்சுப் பட்டையில் ஒருதரம் புரட்டி எடுத்த ஈரப்பசை அளவே.

சஃபயரில் கீறல் இல்லை. கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, சஃபயர் 9, ஆகவே மணல் அதைத் தொடாது. ஆனால் 10 மணிப் பக்க ஓரத்தில் ஒரு சில்லு போயிருந்தது. கீறாத கண்ணாடி உடையாத கண்ணாடி இல்லை. கடினம் கூடக் கூட நொறுங்கும் குணமும் கூடும், கிரானைட் படிக்கட்டில் ஓரம் இடித்தால் போதும். சுற்றியுள்ள ஸ்டீலுக்கு மணலே எமன்.

மெஷின்

ஸ்பிரிங் பின்னோக்கி அவிழாமல் பிடிக்கும் கிளிக்கை விலக்கி மெயின் ஸ்பிரிங்கை முழுக்க இறக்காமல் ஒரு திருகும் தொடக் கூடாது. பிறகு இரண்டு திருகில் நிற்கும் ஆட்டோமேட்டிக் பாலம், பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்), பேலட் (எஸ்கேப் வீலை ஒவ்வொரு பல்லாக விடும் கவை), வீல் பாலம், பேரல் (மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பா) பாலம் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். தண்டும் அதன் மேல் நகரும் பல்சக்கரமான ஸ்லைடிங் பினியனும் சிவப்பாகத் துருப்பிடித்திருந்தன. கிரவுன் வழியாக வந்த தண்ணீர் முதலில் சந்திப்பது இவற்றைத்தான். துரு அங்கேயே நின்றிருந்தது அதிர்ஷ்டம். ஹேர் ஸ்பிரிங்குக்கு எட்டியிருந்தால் பேலன்ஸ் முழுதாக மாற்ற வேண்டியிருக்கும், செலவு இரட்டிக்கும். எஸ்கேப் வீல் பல்லிலும் பேலட் கல்லிலும் எண்ணெய் பழுப்புப் பிசினாக. பேரலைத் திறந்தால் உட்சுவரில் கறுப்புத் தூள்.

மணிக்கு 28,800 அடி. நாளுக்கு 6,91,200. எட்டு வருஷத்தில் ஏறக்குறைய 200 கோடி. அத்தனையையும் தாங்கியது பத்தில் ஒரு மி.மீ. பருமன்கூட இல்லாத பேலன்ஸ் முனை. "எங்கப்பா எச்.எம்.டி. நாப்பது வருஷம் ஓடுச்சு" என்று சொல்பவர்கள் உண்டு, உண்மையும்தான். அந்த எச்.எம்.டி. ஜனதா மாடல் 17 கல், மணிக்கு 18,000 அடி. அதைக் குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டினார்கள். மழை வந்தால் சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் போனது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருதரம் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ பாண்டி நேரு வீதியிலோ யாராவது எண்ணெய் போட்டார்கள். அந்தப் பராமரிப்பில் பாதியைக் கொடுத்தால் இதுவும் நாற்பது வருஷம் ஓடும். பெரிய சுவிஸ் கம்பெனிகளே ஐந்திலிருந்து பத்து வருஷத்துக்குள் ஒரு முழு சர்வீஸ் என்றுதான் சொல்கின்றன.

கழுவுவதில் கடற்கரை ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. பெட்ரோலில் அலசி எடுப்பது பழைய பழக்கம். பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். உப்புத் துகள் திருகுக் குழியிலேயே இருந்து, அடுத்த மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துத் துருவை ஆரம்பிக்கும். அதனால் முதலில் தண்ணீரில் கலந்த அம்மோனியா வகை வாட்ச் கிளீனரில் அல்ட்ராசோனிக், பிறகு இரண்டு தரம் காய்ச்சி வடித்த நீர், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முக்கி, 45 டிகிரி சூட்டுக் காற்றில் உலர்த்தல். பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் போடக் கூடாது. கற்களைப் பிடித்திருப்பது அரக்கு. ஆல்கஹாலில் இளகினால் கல் நகர்ந்துவிடும். அவற்றுக்குத் தனியாக ஒரு பெட்ரோலிய வகைக் கிளீனர்.

மாற்றியவை: மெயின் ஸ்பிரிங்கோடு முழுப் பேரல், இரண்டு ரிவர்சர் சக்கரங்கள், தண்டு, ஸ்லைடிங் பினியன், வைண்டிங் பினியன்.

எண்ணெய் போடுவதில்தான் ஒரு சர்வீஸின் தரம் இருக்கிறது, வெளியில் தெரியாததும் அதுதான். வேகமாகச் சுற்றும் எஸ்கேப் வீல் முனைகளுக்கு மோபியஸ் 9010 என்ற மெல்லிய எண்ணெய். பேலன்ஸ் தொப்பிக் கற்களுக்கும் அதுவே, கல்லின் விட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பரவும் அளவு. ஓரத்தைத் தொட்டால் இழுத்துக்கொண்டு ஓடிவிடும், மறுபடி கழுவ வேண்டும். பாரம் தாங்கும் பேரல் தண்டு, நடுச் சக்கரம் இவற்றுக்குத் தடித்த எச்.பி. 1300. பேலட் கற்களின் முகத்துக்கு 9415. இடி விழும்போது மட்டும் இளகி, பிறகு கெட்டிப்பட்டு அங்கேயே நிற்கிற வகை. பேலட் ஃபோர்க்கின் இரண்டு முனைகளுக்கும் எதுவும் போடக் கூடாது. போட்டால் ஆம்ப்ளிட்யூட் விழும். சாவி கொடுக்கும் பகுதிக்கு கிரீஸ். ரிவர்சர் சக்கரங்களை லூபெட்டா வி 105 கரைசலில் முக்கி உலரவிட வேண்டும். மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் 'சரி செய்தால்' தூசி பிடித்து, சீக்கிரமே இதே ரோட்டார் சுற்றல் திரும்பி வரும்.

பழைய பேரலையே திரும்பப் போடுவதானால் ஒரு நுட்பம். ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங்கின் வெளிமுனை சுவரில் மாட்டியிருக்காது. முழுதாக ஏறியதும் வழுக்க வேண்டும். அதற்குச் சுவரில் பிரேக்கிங் கிரீஸ், க்ளூபர் பி 125 மாதிரி, சில புள்ளிகள். பிடிப்பு குறைந்தால் முன்கூட்டியே வழுக்கி, 38 மணி நேரம் வராது. பிடிப்பு கூடினால் வழுக்காமல் இழுத்து, ஆம்ப்ளிட்யூட் 330-ஐத் தாண்டி பேலன்ஸ் முட்டத் தொடங்கும். திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் முந்தி ஓடும்.

பூட்டுதல்

தேதி துள்ளும் கணத்தில் நிறுத்தி, 12 மணிக்கு முள்களைப் போட வேண்டும்: மணி முள் துளை 1.50, நிமிஷ முள் 0.90, விநாடி முள் 0.25 மி.மீ. விநாடி முள்ளைச் சாய்வாக அழுத்தினால் அந்தக் கால் மி.மீ. குழல் பிளந்துவிடும். கேஸில் வைப்பதற்கு முன் மெஷின் ஒரு முழு நாள் மேஜையிலேயே ஓடியாக வேண்டும்.

நேரம் அதிகம் பிடிப்பது தண்டை வெட்டுவது. மரை 0.90 மி.மீ. திருகு கிரவுனுக்குள் ஸ்பிரிங் இருப்பதால், கிரவுனை முழுக்க அமுக்கிய நிலையில் அளக்க வேண்டும். தண்டு கால் மி.மீ. நீண்டுபோனால் கிரவுன் கடைசிச் சுற்று வராமல் நிற்கும், போட்ட புது வளையமெல்லாம் வீண். குறைந்துபோனால் சாவி பிடிக்காது, தண்டு வீண். கொஞ்சம் கொஞ்சமாக ராவி, ஒவ்வொரு தரமும் மாட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மூடுவது ஏ.சி. அறையில், ஈரப்பதம் 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது. 24 டிகிரியில் அந்தக் காற்றின் பனிநிலை 11 டிகிரியை ஒட்டி வரும். இந்த ஊரில் எந்த அறையும் வாட்ச் கண்ணாடியை அந்தக் குளிருக்குக் கொண்டுபோகாது. கேஸையும் மூடியையும் முன்கூட்டியே சூட்டுத் தட்டில் உலர்த்தி ஆறவிட்டிருக்க வேண்டும்.

பிறகு உலர் சோதனை, அதாவது தண்ணீரில் முக்காமல் காற்றழுத்தத்தில்: முதலில் மைனஸ் 0.7 பார், பிறகு 10 பார். கேஸ் நெளிந்த அளவு மாறாமல் நின்றது. சூட்டுத் தட்டுச் சோதனையிலும் கண்ணாடி சுத்தம். நமது கருவி 10 பார் வரைதான் போகும். அதனால் பில்லில் 'தண்ணீர்ச் சோதனை 10 பார்' என்றுதான் எழுதப்பட்டது, 200 மீட்டர் என்று எழுதவில்லை. 6 பார் பம்ப் மட்டும் வைத்திருக்கும் கடையில் "பழையபடி எரநூறு மீட்டர் ஆக்கிட்டேன்" என்றால் அது வெறும் வாய் வார்த்தை.

செயினைக் கழற்றியபோது இரண்டு ஸ்பிரிங் பின்களில் ஒன்று துருவில் பாதி அறுந்திருந்தது. முழு வாட்சும் கையில் தொங்குவது 1.8 மி.மீ. பருமனுள்ள இந்தப் பின்களில். கடலில் இறங்குகிற ஆளுக்கு வருஷத்துக்கு ஒருதரம் மாற்றினால் நல்லது, டீக்காசுதான். செயின் கண்ணிகளுக்குள் இருந்த அழுக்கு அல்ட்ராசோனிக்கில் போனது. கண்ணித் துளைகள் தேய்ந்து செயின் தொய்ந்திருப்பது போகாது.

கடைசி அளவுகள், முழுச் சாவியில்: டயல் மேலே 5 விநாடி முந்தல், 292 டிகிரி, டயல் கீழே 6 முந்தல், 288, கிரவுன் கீழே 1 முந்தல், 262. பீட் எரர் 0.2. இருபத்து நாலு மணி நேரம் கழித்து டயல் மேலே 255 டிகிரி. சுவிஸ் கிரோனோமீட்டர் சான்று பெற்ற மெஷினுக்கே நாளுக்கு மைனஸ் 4 முதல் பிளஸ் 6 விநாடி வரை அனுமதி, மாதத்துக்கு மூன்று நிமிஷம் வரை போகலாம். மாதத்துக்கு அரை நிமிஷம்கூடத் தவறாத வாட்ச் வேண்டுமென்றால் செல் போட்ட சாதா குவார்ட்ஸ் போதும். இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் போன் வரும்.

பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தவை: கடலில் இறங்கினால் கிரவுன் மூடிய நிலையில் நல்ல தண்ணீரில் அலசவும். ஈரக் கையோடு கிரவுனைத் திறக்க வேண்டாம். காலையில் நின்றிருந்தால் சாவி கொடுத்துச் சமாளிக்காமல் கொண்டுவரவும். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசிக்குள் பிரஷர் டெஸ்ட். குமிழி வந்தால் கேஸ்கெட் மட்டும், மெஷினைத் தொட வேண்டியதில்லை. தண்ணீருக்கு ஒரு வருஷ உத்தரவாதம், கிரவுனைத் திறந்து வைத்ததும் கண்ணாடி உடைந்ததும் சேராது. கண்ணாடி ஓரச் சில்லு இப்போதைக்கு வளையம் வரை போகவில்லை. போனால் கண்ணாடி மாற்ற வேண்டும்.